மூணாம் நம்பர் டேபிள்

ஜூன் 10, திங்கள்

இன்றைக்கு என் மானம் போனது ராசிபலனால்.

துணி செக்கிங் வேலை என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப் லைட் எரியும். மேலே துணி ஓடும். நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்து விழுந்த கோடு என்று ஏதாவது கண்ணில் பட்டால் காலால் பெடலை மிதித்து நிறுத்தி, ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பார்ப்பதுதான் வேலை. அதைத்தான் நான் செய்யவில்லை.

போனை மேசை விளிம்பில் சாய்த்து வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நின்றேன். ஒயர் எப்போது கழன்றதென்று தெரியாது. சூப்பர்வைசர் ஜெகதீசன், துணி வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிற்கவும், போன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது: "விருச்சிக ராசி நேயர்களே, பணியிடத்தில் இன்று கூடுதல் கவனம் தேவை."

அதே நேரம் ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஓர் ஓட்டை என் மூக்குக்குக் கீழே போய் ரோலில் சுற்றிக்கொண்டது. அதை அந்த அம்மாதான் பார்த்தது.

பக்கத்து டேபிள் ஆறுச்சாமி சாயங்காலம் வரைக்கும் சிரித்தான். "மாப்ள, உனக்கு மட்டுந்தான் சோசியம் உடனுக்குடனே பலிக்குது."

ஜெகதீசன் சிரிக்கவில்லை. என்னைவிட பதினைந்து வயது சின்னவர். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, ஆறு டேபிள் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. எப்படியும் கொறைப்பாங்க. கவனமா இருக்கறவங்க பேரைத்தான் நான் எழுதிக் குடுக்க முடியும். பொண்ணுக்கு இப்பத்தான் வேலை கெடச்சிருக்குதுன்னீங்க. பார்த்து நடந்துக்கங்க" என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில் 'பார்த்து நடந்துக்கங்க' என்று ஒருத்தர் சொல்லும்படி ஆனது. வேலையே பார்க்கிறதுதான் என்றால் என்ன செய்ய.

ஜூன் 12, புதன்

வீட்டில் சொல்லியாக வேண்டியதாகிவிட்டது. மனைவி சாந்தாமணி கூலிக்குப் பனியன் பிசிர் வெட்டிக்கொண்டே கேட்டாள். நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த போனைக் கொண்டுபோய் நொய்யல் ஆத்துல போடுங்க" என்றாள்.

மகள் மோனிஷாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மோனிஷா கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. கம்ப்யூட்டரில் படம் வரும், அதில் கார் எங்கே, மாடு எங்கே என்று கட்டம் போட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளுமாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவார்கள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் ஏசி ரூமில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள்.

"அப்பா, இது உங்க தப்பு மட்டும் இல்ல. எங்களுக்கு இதுக்கு ட்ரெய்னிங்கே குடுத்தாங்க" என்றாள். போனைக் கையெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். முதலில் கொஞ்ச நேரம் வேறு எதையும் நினைக்காமல் பார்க்க வேண்டும், அப்புறம் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எதனால் கவனம் கலைகிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். காலேஜில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடக்கிறது, அதில் எழுதுங்கள் என்றாள்.

பத்தாவது பாஸ் பண்ணினதோடு பேனாவை மூடியவன் நான். மகள் ஹோம்வொர்க் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமைப் பக்கத்தையும் இன்றைக்குத்தான் எழுதினேன்.

ஜூன் 13, வியாழன்

போனைச் சோற்றுப் பையில் போட்டு, பையை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சாந்தாமணி அவிநாசி கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்து இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நடுவில் ஒரு சிவப்பு மணி. வேலை நிலைக்கட்டும் என்று. மகள் ஒரு வைத்தியம், மனைவி ஒரு வைத்தியம்.

கவனம் கலைந்த காரணங்கள்: காலில் எறும்பு. எறும்பு இல்லை என்று குனிந்து பார்த்தது. டீ. ஒன்றுக்கு. நிஜமாகவே ஒன்றுக்கா என்ற யோசனை. கேஸ் புக் பண்ணினேனா. ஆறுச்சாமியின் தும்மல். ஆறுச்சாமி மறுபடி தும்முவான் என்று காத்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

நல்ல தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். பின்மதியம் தூக்கம். தூக்கத்தில் மட்டும் என் கவனம் கலைவதே இல்லை.

ஜூன் 19, புதன்

ரொம்பக் கஷ்டம். கண் துணியின் மேல்தான் இருக்கிறது. ஆனால் ஆள் அங்கே இல்லை. கண்ணை நட்டுவைத்துவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் கூப்பிடாத கோபம், செத்துப்போன நாய், யாரிடமோ சொல்லியிருக்க வேண்டிய பதில். துணி போய்க்கொண்டே இருக்கிறது. திடுக்கென்று திரும்பி வந்தால் எவ்வளவு தூரம் ஓடியது என்றே தெரியவில்லை. ரோலைப் பின்னால் சுற்றி மறுபடி பார்த்தேன். இப்படியே போனால் நாளுக்கு அரை ரோல்தான் தேறும்.

ஆறுச்சாமி: "என்ன மாப்ள, தவம் கலஞ்சிருச்சா? ரம்பையா ஊர்வசியா?"

"எங்கண்ணன்டா" என்றேன்.

மோனிஷா ஒரு வழி சொன்னாள். துணியை மொத்தமாகப் பார்க்காதீர்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம், மறுபடி நடு என்று கண்ணை ஒரே தடத்தில் ஓட்டுங்கள். மனசு எங்கே போனாலும் திட்டாமல் திரும்பக் கூட்டி வாருங்கள். "சின்னப் புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி" என்றாள்.

அவளை அப்படித்தான் பால்வாடியில் விட்டுவந்தேன். ஒவ்வொரு நாளும் பாதி வழியில் திரும்பி ஓடும்.

ஜூன் 24, திங்கள்

ஒவ்வொரு டேபிளுக்கும் மேலே ஒரு கேமரா மாட்டிவிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து லேப்டாப்போடு ஒரு தம்பி வந்து மாட்டினார். மரியாதையான பையன். "அண்ணா, தப்பு தெரிஞ்சா நிறுத்திட்டு, ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னால விரலால தொட்டுக் காட்டுங்க. ரெண்டு செகண்டு அப்படியே வெச்சிருங்க" என்றார்.

தூங்குகிறோமா என்று பார்க்கிறார்கள். விரல் வைத்தால் முழித்திருக்கிறான் என்று கணக்கு. ராசிபலன் என் ஒருத்தனுக்கு இல்லாமல் ஆறு பேருக்கும் பலித்துவிட்டது.

மோனிஷாவிடம் இதைச் சொல்லவில்லை. அப்பனைக் கேமரா வைத்து மேய்க்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது. சாந்தாமணியிடமும் அவளுக்குச் சொல்லாதே என்றேன்.

"கேமரா உங்க மூஞ்சியப் பாத்து இருக்குதுங்களா, துணியப் பாத்துங்களா?" என்று கேட்டாள்.

"துணியப் பாத்துத்தான். அதுக்கென்ன?"

"இல்லீங், சும்மா கேட்டேன்."

ஜூலை 4, வியாழன்

காலை டீ மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நேற்று நடந்ததைச் சரியாக எழுதவில்லை. எழுத வருமா என்று தெரியவில்லை, பார்க்கிறேன்.

சாம்பல் நிறத் துணி. இடது, நடு, வலது, நடு. அண்ணன் வந்தார், பந்தி வந்தது, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மறுபடி வந்தார். அப்புறம் ஒரு கட்டத்தில் அவர் வரவில்லை. துணி நின்றுவிட்ட மாதிரியும் நான்தான் அதன்மேல் போய்க்கொண்டிருக்கிற மாதிரியும் இருந்தது. தப்பு வருவதற்கு முன்னாலேயே ஏதோ வரப்போகிறதென்று கால் பெடலுக்குப் போகிறது. முடி கனத்தில் ஒரு கோடு. விரலை வைத்தேன். மேலே கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கியது. மறுபடி இடது, நடு.

ஆறுச்சாமி வந்து தோளைத் தொட்டான். "டீ ஆறிப்போச்சு மாப்ள. செத்துக் கித்துப் போயிட்டியான்னு பாத்தேன்."

இருபத்திமூன்று வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம்.

ஜூலை 7, ஞாயிறு

மோனிஷா போன் பண்ணினாள். ஒரே குதி. "அப்பா, காரும் மாடும் முடிஞ்சுது. இப்ப எங்களுக்கு உங்க துணி வந்திருக்கு."

எந்தத் துணி என்றேன். பின்னல் துணிப் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறதாம். ஓட்டைக்கு ஒரு நிறத்தில் கட்டம், கறைக்கு ஒரு நிறம், கோட்டுக்கு ஒரு நிறம். எந்தக் கம்பெனிப் படம் என்று அவர்களுக்கே சொல்வதில்லை. கூட இருக்கிற பிள்ளைகள் திணறுகிறார்கள், இவள் மட்டும் கடகடவென்று போடுகிறாள். "எங்கப்பா செக்கர்னு சொன்னேன்ப்பா. டீம் லீடர் எந்திரிச்சு வந்து கை குடுத்தாங்க."

அரை மணி நேரம் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சாந்தாமணி என்னிடம் துணியைப் பற்றி அரை மணி நேரம் கேட்டதில்லை. ஊசிக்கோட்டுக்கும் மடிப்புக் கோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்றாள் மோனிஷா. மடிப்பு அங்கங்கே விட்டுப்போகும், ஊசிக்கோடு விடாது என்றேன். எழுதிக்கொண்டாள்.

போனை வைத்த பிறகும் என் வாய் இளித்துக்கொண்டே இருந்ததாகச் சாந்தாமணி சொல்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

ஜெகதீசன் எல்லார் முன்னாலும், "நாச்சிமுத்தண்ணன் டேபிள்ல ஒரு தப்புகூடத் தப்பலை. அவரைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். கேமராக்காரத் தம்பியும் என் மூணாம் நம்பர் டேபிள்தான் ரொம்பச் சுத்தம் என்றாராம்.

வரும்வழியில் அரைக் கிலோ ஜிலேபி.

ஜூலை 21, ஞாயிறு

மோனிஷா வந்திருந்தாள். பாக்கி வேலை இருக்கிறதென்று லேப்டாப்பையும் கொண்டுவந்தாள். வெளியாருக்குக் காட்டக் கூடாதாம். அப்பா வெளியாரா என்று நான் கேட்டதும் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினாள்.

நான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பல் துணி. நல்ல தெளிவான படம்.

"இங்க பாருங்க, இவருதான் கை தாத்தா" என்றாள்.

யாரது என்றேன். ஒரு டேபிள் படத்தில் எப்போதும் இதே கை வருகிறதாம். தப்பு எங்கே என்று மற்றக் கைகளைவிட அது சரியாகக் காட்டிவிடும், அதனால் எல்லாருக்கும் அந்த டேபிள் படம்தான் வேண்டும். ஆனால் கையைத் தனியாக வெட்டி, இது வேண்டாம் என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் கையையும் தப்பு என்று எடுத்துக்கொள்ளும். "அதுலயும் இவரு கையில ஒரு கயிறு கட்டியிருக்காருப்பா. அந்தச் செவப்பு மணிய மெஷின் ஒவ்வொரு தடவையும் கறைங்குது. மணியத் தனியா வெட்டணும். கை தாத்தா வந்துட்டாருடின்னு சொல்லிச் சிரிப்போம்."

"ஏன் கண்ணு தாத்தாங்கறீங்க? அவ்வளவு வயசு தெரியுதா?"

"நரம்பு எல்லாம் பாருங்க. அறுவது இருக்கும்."

இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆடிக் காற்று கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. போன தடவை வந்தபோதும் கயிறு கையில்தான் இருந்தது, அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு இருக்கிற வேலையில் அதையெல்லாம் பார்க்க நேரம் ஏது.

அவள் சாப்பிடக் கை கழுவப் போனபோது, பிசிர் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கயிறு நைந்துபோயிருந்தது. அறுத்துப் போட்டுவிட்டேன்.

சாந்தாமணி பார்த்துவிட்டாள். "ஏனுங்க, நல்லாத்தானே இருந்துது?"

"அரிக்குது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். அப்புறம் குழம்பு ஊற்றப் போய்விட்டாள்.

ஜூலை 22, திங்கள்

தண்ணீர் வரவில்லை. கேஸ் வந்தது. கவனம் கலைந்தது. காரணம் எழுதவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் வாயால் இல்லை. கேமராக்காரத் தம்பி டீக்கடையில் யாரிடமோ போனில் பேசியதை ஆறுச்சாமி கேட்டுவிட்டான். கேமரா எங்களைப் பார்க்கவில்லை, எங்களிடமிருந்து பாடம் படிக்கிறது. படித்து முடித்ததும் நின்று பார்க்க ஆள் வேண்டாம். ரோல் மாட்ட ஒருத்தர் இருந்தால் போதும்.

சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். ஆறுச்சாமிதான் பேசினான். "நாளைலருந்து நல்ல துணில வெரல வைப்போம். ஓட்டைய விட்டுரலாம். ஸ்டிக்கர் மட்டும் சரியா ஒட்டிருவோம், துணி கெடாது. மெஷினு பைத்தியம் புடிச்சு அலையட்டும். என்ன மாப்ள?"

நான் ஊறுகாயைத் தேடினேன்.

"மாப்ள, உன்னையத்தான்."

"செய்யலாம்டா" என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

செய்தேன். காலையில் ஒரு ரோல் முழுக்கச் சுத்தமான துணியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். பெரிய சந்தோஷம்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பின்னால் முகம் கோணிக் காட்டினது மாதிரி.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அரை நாள் லீவு. சாந்தாமணி தேங்காய்ப்பால் பாயசம் வைத்தாள்.

"மோனிஷாகிட்ட சொல்லலீங்களா?" என்றாள்.

"எதை?"

"எதையோ."

"பாயசம் நல்லா இருக்குது" என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மோனிஷா அழுதுகொண்டே போன் பண்ணினாள். ஆஸ்டல் மாடிப்படியில் நின்று பேசினாள், எதிரொலித்தது.

ஒரு வாரமாகப் படங்கள் எல்லாம் கோளாறாக வருகின்றன. விரல் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. இவளும் மற்ற பிள்ளைகளும் விரலை நம்பிக் கட்டம் போட்டார்கள். மேலே சரிபார்க்கிறவர் அத்தனையும் தவறு என்று திருப்பிவிட்டார். மார்க் இறங்கிப்போய்விட்டது. இதே மாதிரி போனால் மாதக் கடைசியில் நிரந்தரம் பண்ண மாட்டோம் என்று டீம் லீடர் சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளை இன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம்.

"கை தாத்தா டேபிளாச்சும் நல்லா இருக்கும்னு பார்த்தேன்ப்பா. இப்ப அவரும் எங்கெங்கயோ காட்டறாரு. அவருக்கு என்னாச்சுன்னே தெரியல. கயித்தக்கூடக் காணோம்."

"ஒடம்பு சரியில்லையோ என்னமோ" என்றேன்.

"எனக்கு இந்த வேலை போயிருச்சுன்னா திரும்பி அங்கதான்ப்பா வரணும். அம்மா கூட உக்காந்து பிசிர் வெட்டணும்."

சாந்தாமணி பக்கத்தில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. கத்தரி ஒரு நிமிடம் நின்றது, மறுபடி வெட்டியது.

"ஒண்ணும் ஆகாது கண்ணு. திங்கக்கெழமைலருந்து சரியாயிரும் பாரு" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பனுக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 12, திங்கள்

இடது, நடு, வலது, நடு. டீக்குப் போகவில்லை. சோற்றுக்கு மட்டும் போனேன்.

ஒரு கோட்டைக்கூட விடவில்லை. தொட்டேன், இரண்டு செகண்டு வைத்திருந்தேன். சுத்தமாகத் தெரியட்டும் என்று சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டேன். கையை ஓரமாக வைத்து ஒரே விரலை மட்டும் நீட்டினேன். வெட்டுகிற பிள்ளைக்கு வேலை கம்மியாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆறுச்சாமி டீக் குடிக்கையில் என் டேபிளுக்கு வந்து நின்று பார்த்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றானோ. நிமிர்ந்தபோது அவன் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ஓட்டையின் மேல் இருந்தது.

"நல்லாச் சொல்லிக் குடுக்கற போல" என்றான்.

"ஆறா, அது வந்து..."

"அஞ்சு பேரு பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்கறோம் மாப்ள. நீ மட்டும் நல்ல பேரு வாங்கிக்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆறு வாய். ஆறு வாயில் ஒன்று கோயமுத்தூர் வரைக்கும் நீளும். அவள் தெரிந்துகொண்டால் அந்த வேலையில் ஒரு நாள் உட்காருவாளா? அவளை எனக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

"வேலை நிக்கோணும்ல ஆறா" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

அவன் கீழே துப்பிவிட்டுப் போனான். கம்பெனிக்குள் துப்புகிறவன் இல்லை அவன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தனியாகச் சாப்பிட்டேன். கவனம் கலைக்க ஆளில்லை. ஒரு நாளில் இதுவரை பார்க்காத அளவு ரோல் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மோனிஷா: "அப்பா, கை தாத்தா குணமாயிட்டாரு!"

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மார்க் ஏறிவிட்டதாம். அந்த டேபிள் படங்களை மட்டும் கேட்டு வாங்கிப் போடுகிறாளாம். மற்றப் பிள்ளைகள் பொறாமைப்படுகிறார்களாம்.

சாந்தாமணி ராத்திரிச் சோறு போடும்போது இரண்டு தடவை நெய் ஊற்றினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

ஜெகதீசன் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்திமூன்று வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். குஷன் நன்றாக இருந்தது.

"அண்ணா, மொதல்ல மூணாம் நம்பர் டேபிளைத்தான் மெஷினுக்கு மாத்தறாங்க. உங்க டேபிள் துணிய அது முழுசாக் கத்துக்கிச்சாம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்லுது. மத்த டேபிள் கணக்கெல்லாம் ஒரே குழப்பமா இருக்குது, அதுக்கு இன்னும் ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆகும்ங்கறாங்க. அதுவரைக்கும் அவங்க இருக்கோணும்."

"அப்ப ஆறுச்சாமி?"

"இருப்பாருண்ணா."

"நல்லது" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஜெகதீசன் பயந்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரைத்தாண்ணா நான் மொதல்ல எழுதிக் குடுத்தேன். கவனமா வேலை செய்யறவருன்னு. அவங்க அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுசன். டீ வாங்கிக் கொடுத்தார்.

வெளியே வரும்போது என் டேபிள் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிற்கவில்லை. நீலத் துணி. திடீரென்று நின்றது. குனிந்து பார்த்தேன். முடி கனத்தில் ஒரு கோடு. மெஷின் தானாக ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு மறுபடி ஓடியது.

சரியாகத்தான் பிடித்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன மனுசன் நான்.

ஆறுச்சாமி தன் டேபிளிலிருந்து நிமிரவில்லை. அவன் சுத்தமான துணியில் விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் சோற்றுப் பையை எடுத்துத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு நேராகக் கேமரா இருக்கிறது. நான் எதற்கு என்று கேட்டேன். கேமரா கேட்டைத் திறக்காதுல்ல என்றார் செகரட்டரி. திங்கள் முதல் வரச் சொன்னார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மோனிஷா வந்தாள். நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அம்மாவுக்குச் சேலை, எனக்கு முழுக்கைச் சட்டை. போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். கை கொஞ்சம் நீளம், மணிக்கட்டை மூடியது. நல்லதாப் போச்சு என்றேன்.

நிரந்தரம் ஆகிற வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சாந்தாமணிதான் சொன்னாள். "அப்பாவை வேலைலருந்து நிறுத்திட்டாங்க." அதற்கு மேல் அவள் போகவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அதனால்.

மோனிஷா ஸ்வீட் பெட்டியைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா?"

"ஆளக் கொறைச்சாங்க கண்ணு."

"ஆறுச்சாமி மாமா?"

"அவன் இருக்கறான்."

"மத்தவங்க?"

"எல்லாரும் இருக்கறாங்க."

"உங்கள மட்டுமா?"

புதுச் சட்டையின் கைப் பொத்தானைப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. பால்வாடி வாசலில் நான் அவளைப் பார்த்த மாதிரி பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நரம்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பேசினாள். கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அத்தன தடவ சொன்னேன்லப்பா. கொஞ்சம் கவனமா இருந்திருந்தா உங்கள எடுத்திருப்பாங்களா? மறுபடி போன் பாக்க ஆரம்பிச்சுட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

சாந்தாமணி சட்டென்று திரும்பினாள். வாயைத் திறந்தாள். "சாந்தா, புள்ளைக்குக் காப்பி வெய்யி" என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஆமாங் கண்ணு" என்றேன். "கொஞ்சம் பாத்துட்டேன்."

"போகட்டும் விடுங்க. இனி நான் இருக்கறேன்" என்றாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை: நீ சொன்ன நாளிலிருந்து ஒரு நாள்கூட வேலையில் நான் போனைத் தொடவில்லை, கண்ணு.